விழுந்துகொண்டே இருக்கும் கடிகாரங்கள்

வாசகர் கேள்வி – பதில்

செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் ஒரு தரைநிலையத்தில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பாதிக்கும் மேல் இரவுப் பணி. 11 மீட்டர் அகலமுள்ள டிஷ் ஒன்று இரவெல்லாம் வானத்தை நோக்கி நின்றிருக்கும். அதன் கீழே நாங்கள் உட்கார்ந்து அது கேட்பதைக் கேட்டுக்கொண்டிருப்போம். செயற்கைக்கோள்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை ஆசிரியர் என்னிடம் கொடுத்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. சிலவற்றுக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். சுருக்க மனம் வரவில்லை.

*அம்மா, செயற்கைக்கோள் ஏன் கீழே விழுவதில்லை? விண்வெளியில் ஈர்ப்பு விசை கிடையாது, அதனால்தான் என்று என் தோழிகள் சொல்கிறார்கள். சரியா? — எட்டாம் வகுப்பு மாணவி*

மகளே, அது விழுகிறது. நீ இதைப் படிக்கும் இந்த நொடியிலும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஈர்ப்பு விசை இல்லாமல் போனால் அது நேர்கோட்டில் ஓடி நம் கைவிட்டுப் போய்விடும். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. உன் காலடியில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் இருக்கிறது.

ஒரு கல்லைக் கையிலிருந்து நழுவவிட்டால் முதல் நொடியில் ஏறக்குறைய 5 மீட்டர் இறங்கும். அதையே கிடைமட்டமாக வீசினாலும், எத்தனை வேகமாக வீசினாலும், முதல் நொடியில் இறங்குவது அதே 5 மீட்டர்தான். இனி பூமியைப் பார். அது உருண்டை என்பதால் 8 கிலோமீட்டர் தொலைவுக்குள் தரை ஏறக்குறைய 5 மீட்டர் வளைந்து கீழே போய்விடுகிறது. அப்படியானால் நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் கல்லை வீச முடிந்தால்? அது 5 மீட்டர் விழும். தரையும் 5 மீட்டர் விலகும். கல் விழுந்துகொண்டே இருக்கும், தரையைத் தொடவே தொடாது. மலையுச்சியில் ஒரு பீரங்கியை வைத்து நியூட்டன் செய்துபார்த்த மனக்கணக்கு இதுதான். காற்று குறுக்கே நிற்பதால் நாம் காற்று மெலிந்த உயரத்துக்குப் போய் வீசுகிறோம்.

ராக்கெட்டைப் பலரும் உயரத்துக்கு ஏற்றும் வண்டி என்றே நினைக்கிறார்கள். உயரம் எளிது. அதன் எரிபொருளில் பெரும்பங்கு இந்தப் பக்கவாட்டு வேகத்தைக் கொடுப்பதற்கே செலவாகிறது.

உயரம் கூடக்கூட ஈர்ப்பு குறையும், வேகமும் குறையும், சுற்றும் நேரம் நீளும். 400 கிலோமீட்டரில் ஒரு சுற்றுக்குச் சுமார் 92 நிமிடம். 20,200 கிலோமீட்டரில் ஏறத்தாழ 12 மணி நேரம். 35,786 கிலோமீட்டரில் 23 மணி 56 நிமிடம். இதே வரிசையில் 3,84,000 கிலோமீட்டருக்கு வந்தால் 27 நாள்; அங்கே இருப்பது நிலா. நிலாவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

*வீட்டு மாடியில் உள்ள டிஷ் எப்போதும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறது. மழை வலுத்தால் படம் நின்றுவிடுகிறது. அதைக்கூடப் புரிந்துகொள்ளலாம். ஆனால் வெயில் அடிக்கும் பகலில், சில நாள்கள் தொடர்ந்து, ஒரே நேரத்தில் சில நிமிடம் படம் போனதே, அது ஏன்? — ஓய்வுபெற்ற ஆசிரியர்*

ஐயா, நேரத்தைக் குறித்துவைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அதற்காகவே உங்களுக்கு நன்றி.

மேலே சொன்ன 23 மணி 56 நிமிடம் என்பது பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரம். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே அந்த உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை வைத்தால் பூமியும் அதுவும் சேர்ந்தே திரும்பும். கீழிருந்து பார்த்தால் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். மூன்று செயற்கைக்கோள்களை அங்கே வைத்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945-இல் ஒரு வானொலி இதழில் எழுதினார். அப்போது விண்ணில் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. 1964-இல் சின்காம்-3 அந்த இடத்தில் போய் நின்றது. டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளை அமெரிக்காவுக்குக் காட்டியது. அசையாத ஒன்றைப் பார்க்க அசையாத டிஷ் போதும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர்களின் டிஷ் தெற்கு வானத்தையும், தெற்கே இருப்பவர்களின் டிஷ் வடக்கு வானத்தையும் பார்ப்பது இதனால்தான்.

நிகழ்ச்சி மேலே தயாராவதில்லை. கீழிருந்து அனுப்பிய அலையை வாங்கி, அதிர்வெண்ணை மாற்றி, பெருக்கி, திருப்பி அனுப்புவது மட்டுமே அதன் வேலை. இதைச் செய்யும் கருவிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். அப்படி ஒன்று அனுப்பும் ஆற்றல் 100 வாட் அளவில் இருக்கும். அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்றின் அளவு. 36,000 கிலோமீட்டர் தாண்டி, ஒரு கண்டம் முழுவதும் பரவி வந்து சேரும்போது அதில் என்ன மிஞ்சும்? மிஞ்சிய அந்தத் துளியைத்தான் டிஷ் தன் குழிவால் ஒரு புள்ளியில் குவிக்கிறது. அதன் முன்னே கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பெட்டி அதைப் பிடிக்கிறது. வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். சில மில்லிமீட்டர் அளவுள்ள மழைத்துளிகள் அவ்வளவு சிறிய அலையை விழுங்கவும் சிதறடிக்கவும் செய்கின்றன. மழை விட்டதும் தானாகவே சரியாகிவிடும்; டிஷ்ஷைத் திருப்பாதீர்கள்.

வெயில் நாள் மர்மத்துக்கு வருகிறேன். ஆண்டுக்கு இருமுறை, பகலும் இரவும் சமமாகும் நாள்களை ஒட்டி, சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்துபோகிறது. சூரியன் ஒளியோடு வானொலி அலைகளையும் வாரியிறைக்கிறது. உங்கள் டிஷ் அப்போது சூரியனையே நேருக்கு நேர் பார்க்கிறது. அந்த இரைச்சலில் நம் மெல்லிய குரல் மூழ்கிப்போகிறது. சில நிமிடங்களில் சூரியன் நகர்ந்துவிடும். சில நாள்களில் அந்தப் பருவமும் முடிந்துவிடும். எங்கள் நிலையத்தில் அந்த நேரங்களை முன்கூட்டியே நொடிக்கணக்கில் கணித்துச் சுவரில் ஒட்டிவைப்போம். அப்படியிருந்தும் இரைச்சல் அளவு ஏறத் தொடங்கும்போது எல்லாரும் எழுந்து திரையருகே வந்துவிடுவோம்.

*என் மகன் கைப்பேசியோடு வெளியூர்களுக்குப் போகிறான். செயற்கைக்கோள் அவனை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறதா? ஒருபக்கம் நிம்மதி, ஒருபக்கம் பயம். — ஒரு தாய்*

இல்லை அம்மா. அந்தச் செயற்கைக்கோள்களுக்கு உங்கள் மகன் இருப்பதே தெரியாது. இந்தத் தவறான எண்ணத்தை மாற்ற எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதத் தயாராக இருக்கிறேன்.

இடம் காட்டும் செயற்கைக்கோள்கள் கலங்கரை விளக்கத்தைப் போன்றவை. விளக்கு தன்பாட்டுக்குச் சுழல்கிறது. தன்னைப் பார்த்து எத்தனை கப்பல்கள் வழி கண்டன என்பது அதற்குத் தெரியாது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் இரண்டே செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: “இப்போது மணி இது. நான் இருக்கும் இடம் இது.” கைப்பேசி அதைக் காதில் வாங்குகிறது, அவ்வளவுதான். செயற்கைக்கோளுக்குப் பதில் சொல்லும் வசதி அந்த ஏற்பாட்டில் இல்லை.

கேட்டுமட்டும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? செய்தி புறப்பட்ட நேரம் அதிலேயே இருக்கிறது. வந்து சேர்ந்த நேரத்தைக் கைப்பேசி பார்க்கிறது. இடைவெளி ஏறக்குறைய 0.07 வினாடி. ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைத்துவிடும். மூன்று செயற்கைக்கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் கைப்பேசியின் கடிகாரம் சாதாரணமானது. அது ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரோ வினாடி, பிசகினால்கூட 300 மீட்டர் தவறிவிடும். நான்காவது செயற்கைக்கோளைக் கேட்பது இதற்காகத்தான். அதைக்கொண்டு கைப்பேசி தன் கடிகாரப் பிழையையும் கணக்கிட்டுத் திருத்திக்கொள்கிறது.

மேலே இருப்பவை அணுக்கடிகாரங்கள். அவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. வேகமாகப் பயணிக்கும் கடிகாரம் மெதுவாக நடக்கும் என்றும், ஈர்ப்பு குறைந்த இடத்தில் உள்ள கடிகாரம் விரைவாக நடக்கும் என்றும் ஐன்ஸ்டைன் சொன்னார். முதல் காரணத்தால் நாளுக்கு 7 மைக்ரோ வினாடி பின்தங்குகிறது, இரண்டாம் காரணத்தால் 45 மைக்ரோ வினாடி முந்துகிறது. மிச்சம் 38 மைக்ரோ வினாடி. கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும். அதனால் ஏவுவதற்கு முன்பே அந்தக் கடிகாரங்களைக் கொஞ்சம் மெதுவாக ஓடும்படி வைத்துவிடுகிறார்கள். உங்கள் மகன் ஒரு தெருமுனையில் சரியாகத் திரும்பும்போதெல்லாம் சார்பியல் கோட்பாடு அவன் சட்டைப்பையில் வேலை செய்கிறது. இதை எண்ணும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

உங்கள் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். கைப்பேசி கண்டுபிடித்த இடத்தைச் செயலிகள் கைப்பேசிக் கோபுரங்கள் வழியாக வேறெங்கோ அனுப்பக்கூடும். அவன் இருக்குமிடம் உங்களுக்குத் தெரிவதும், தெரியக்கூடாதவர்களுக்குத் தெரிவதும் அந்த வழியில்தான். கைப்பேசியின் அமைப்புகளில் ‘இருப்பிடம்’ என்ற பகுதியைத் திறந்து, எந்தச் செயலிக்கு எப்போது அனுமதி என்று இருவரும் சேர்ந்து ஒருமுறை பாருங்கள்.

*மலையேற்றத்தில் கைப்பேசிச் சிக்னல் இல்லாத இடத்தில் ஜி.பி.எஸ். வேலை செய்யுமா? — கல்லூரி மாணவர்*

செய்யும், தம்பி. வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை இடம் காட்டத் தாமதமானால் பொறுமை வேண்டும். தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் நொடிக்கு 50 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில் சொல்கிறது. ஒருமுறை சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகும். ஊருக்குள் அந்தத் தகவலைக் கைப்பேசி இணையத்திலிருந்து எடுத்துக்கொள்வதால் உடனே காட்டுகிறது. மலையில் அது முழுவதையும் வானத்திலிருந்தே கேட்க வேண்டும். மரத்தடியையும் பாறை இடுக்கையும் விட்டு வெளியே வந்து, வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் சற்று நில்லுங்கள்.

*அப்படியானால் ஆபத்தில் இருக்கும் ஒருவர் செயற்கைக்கோளிடம் உதவி கேட்க வழியே இல்லையா? — கப்பல் ஊழியர்*

உண்டு. இங்கேதான் செயற்கைக்கோள் நம் குரலைக் கேட்கிறது. இதைச் சொல்ல 1957-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. 58 சென்டிமீட்டர் குறுக்களவு, 83.6 கிலோ எடை, ‘பீப், பீப்’ என்ற ஒலி, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் கையர், வைஃபன்பாக் என்ற இரண்டு இளம் இயற்பியலாளர்கள் அந்த ஒலியைப் பிடித்துக் கேட்டார்கள். நம்மை நெருங்கும் ரயிலின் விசில் உச்சத்தில் கேட்டு, கடந்து போனதும் தாழ்வது போல, அந்தப் பீப்பின் அதிர்வெண்ணும் மாறியது. அந்த மாற்றத்தை மட்டும் வைத்து ஸ்புட்னிக்கின் பாதை முழுவதையும் கணித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர்களுடைய மேலதிகாரி ஃபிராங்க் மெக்ளூர் கணக்கைத் திருப்பிப் போட்டார்: நாம் இருக்கும் இடத்தைக் கொண்டு செயற்கைக்கோளைக் கண்டுபிடிக்க முடிந்தால், செயற்கைக்கோள் இருக்கும் இடத்தைக் கொண்டு நம்மைக் கண்டுபிடிக்க முடியாதா? செயற்கைக்கோள் வழிகாட்டுதல் அந்தக் கேள்வியில்தான் பிறந்தது.

கோஸ்பாஸ்–சார்சாட் என்னும் பன்னாட்டு மீட்பு ஏற்பாட்டின் தாழ்வான செயற்கைக்கோள்கள் இதே உத்தியைக் கையாண்டன. ஆபத்து வந்தால் கப்பலில் உள்ள அவசரக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் குரல் கொடுக்கிறது, கடந்து போகும் செயற்கைக்கோள் அந்த அதிர்வெண் மாறுவதை அளக்கிறது, இடம் தெரிந்துவிடுகிறது. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த சிறு விமானம் ஒன்றிலிருந்து மூவர் இந்த ஏற்பாட்டால் முதன்முதலில் காப்பாற்றப்பட்டார்கள். உங்கள் கப்பலில் உள்ள கருவி பதிவுசெய்யப்பட்டிருக்கிறதா, அதன் பேட்டரிக்குக் காலாவதித் தேதி என்ன என்று அடுத்த பயணத்துக்கு முன் தயவுசெய்து பாருங்கள்.

*வானிலைச் செய்தியில் காட்டும் மேகப் படம் இரவிலும் வெள்ளையாகத் தெரிகிறதே, இருட்டில் எப்படிப் படம் எடுக்கிறார்கள்? — இல்லத்தரசி*

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். இரவுப் படத்தில் நீங்கள் காண்பது வெளிச்சம் இல்லை, வெப்பம். எல்லாப் பொருளும் தன் வெப்பத்துக்கேற்ப அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. செயற்கைக்கோள் அதை அளக்கிறது. மேகத்தின் உச்சி எவ்வளவு உயரமோ அவ்வளவு குளிர். குளிர்ந்ததை வெள்ளையாகக் காட்டுவது வழக்கம். ஆகவே பளிச்சென்ற வெள்ளை என்றால் வானளாவ எழுந்த மேகம், பெரும்பாலும் இடியும் மழையும். தாழ்ந்த மூடுபனி தரையைப் போலவே இளஞ்சூடாக இருப்பதால் இரவுப் படத்தில் கண்ணில் படாமலே போகலாம். சிவப்பும் நீலமும் வந்தால் அவை வெப்பநிலையைப் பிரித்துக்காட்டப் பூசிய நிறங்கள்.

1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட டைரோஸ்-1 என்ற செயற்கைக்கோள் வானிலைக்கான மேகப் படங்களைத் தொடங்கிவைத்தது. அது வேலை செய்தது 78 நாள்தான். அதற்கு முன் நடுக்கடலில் உருவான புயல், ஏதாவது ஒரு கப்பல் அதில் மாட்டிக்கொண்ட பிறகோ கரையை நெருங்கிய பிறகோதான் பெரும்பாலும் தெரியவரும். இன்று எந்தப் புயலும் யாரும் பார்க்காமல் பிறப்பதில்லை. என் வாழ்நாளில் செயற்கைக்கோள்கள் செய்த மிகப் பெரிய நன்மை எது என்று கேட்டால் தொலைக்காட்சியையோ வழிகாட்டும் வரைபடத்தையோ சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு வகையும் உண்டு. மேகம் மூடிய வெள்ளப் பகுதியை ரேடார் செயற்கைக்கோள் பார்க்கும். தானே அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கும். அசையாத நீர்ப்பரப்பு கண்ணாடிபோல அலையை அப்பால் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிட்டால் தண்ணீர் எங்கெல்லாம் புகுந்தது என்பது தெரிந்துவிடும்.

*இணையம் முழுவதும் செயற்கைக்கோள் வழியாகத்தானே வருகிறது? — கடை உரிமையாளர்*

இல்லை. கண்டங்களுக்கு இடையே பெரும்பங்கு கடலடிக் கேபிள்களில்தான் போகிறது. 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்க ஏறக்குறைய கால் வினாடி ஆகும். கேள்வியும் பதிலும் என்றால் அரை வினாடி. தொலைவில் இருக்கும் செய்தியாளர் கேள்வி முடிந்த பிறகும் ஒரு கணம் பேசாமல் நிற்பது இதனால்தான். இப்போது 550 கிலோமீட்டர் போன்ற தாழ்ந்த உயரத்தில் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களைப் பறக்கவிட்டு இந்தத் தாமதத்தைக் குறைத்திருக்கிறார்கள். அவ்வளவு தாழ்வில் ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் தலையைக் கடந்துவிடும் என்பதால்தான் இத்தனை எண்ணிக்கை வேண்டியிருக்கிறது.

*அந்தி சாய்ந்ததும் ஒரு நட்சத்திரம் மினுங்காமல் நகர்ந்து வந்து, நடுவானத்தில் சட்டென்று மறைந்தது. அது என்ன? பழைய செயற்கைக்கோள்கள் கடைசியில் என்ன ஆகின்றன? — தையல் கலைஞர்*

நீங்கள் பார்த்தது செயற்கைக்கோளாகத்தான் இருக்கும். அதற்குச் சொந்த விளக்கு இல்லை. உங்களுக்குச் சூரியன் மறைந்துவிட்டது. அந்த உயரத்தில் இன்னும் மறையவில்லை. அந்த வெயில் அதன் தகடுகளில் பட்டு உங்களிடம் வந்தது. பிறகு அது பூமியின் நிழலுக்குள் நுழைந்தது. நீங்கள் பார்த்தது ஒரு சூரிய மறைவு, அங்கே நிகழ்ந்தது.

தாழ்ந்த பாதையில் உள்ளவற்றை மெல்லிய காற்று கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கடைசியில் எரித்துவிடுகிறது. உயரம் கூடினால் அதற்கு நூற்றாண்டுகள் ஆகும். 1958 மார்ச்சில் ஏவிய வான்கார்ட்-1, ஒன்றரைக் கிலோகூட இல்லாத சிறு உருண்டை, 1964-இல் பேச்சை நிறுத்தியது. இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்படி விட்டுவைப்பதில் ஆபத்து உண்டு. 2009 பிப்ரவரி 10 அன்று செயலிழந்த காஸ்மோஸ்-2251, வேலையில் இருந்த இரிடியம்-33 மீது மோதியது. இரண்டும் ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறின. செய்பவர்கள் அகற்றுவதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

36,000 கிலோமீட்டரில் இருப்பவற்றைக் கீழே கொண்டுவருவதற்கு எரிபொருள் போதாது. ஆகவே கடைசித் துளி எரிபொருளில் சுமார் 300 கிலோமீட்டர் மேலே தள்ளி, அங்கே விட்டுவிடுகிறார்கள். நான் ஒருமுறை அதைச் செய்திருக்கிறேன். 16 ஆண்டுகளாக நாங்கள் காத்த செயற்கைக்கோள் அது. ஆண்டுக்கு இரண்டு பருவம் அது நள்ளிரவில் பூமியின் நிழலுக்குள் போகும். அதிகபட்சம் 72 நிமிடம் பேட்டரியில் மட்டும் வாழும். அந்த 72 நிமிடமும் மின்னழுத்தக் கோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். வெயில் பட்டதும் கோடு நிமிரும். யாராவது தேநீர் போட எழுவார்கள். கடைசி நாளில் அதை மேலே ஏற்றி, மிச்ச எரிபொருளை வெளியேற்றி, பேட்டரியை வடித்தோம். ஒலிபரப்பியை நிறுத்தும் கட்டளையை அனுப்பும் முறை எனக்கு வந்தது. கட்டளை போய்ச் சேர எட்டில் ஒரு வினாடி, அது அடங்கியது எங்களுக்குத் தெரிய இன்னொரு எட்டில் ஒரு வினாடி. திரையில் 16 ஆண்டுகளாக நின்றிருந்த அதன் சிக்னலின் கூர்முனை, இரைச்சலுக்குள் அமிழ்ந்தது. டிஷ்ஷை உடனே திருப்ப யாருக்கும் மனம் வரவில்லை. விடியும்வரை அது அந்தத் திசையையே பார்த்திருந்தது.